போனை வைத்துவிடாதீர்கள்: தொலைபேசி வழி சிபிஆர், ஓர் எளிய அறிமுகம்

வீட்டில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை, உலுக்கினாலும் அசைவில்லை. பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறோம். முகவரியைச் சொல்லி, "சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். அதன்பிறகு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருக்கிறோம்.

விழுந்தவரின் இதயம் நின்றுபோயிருந்தால், அப்படிக் காத்திருக்கும் நிமிடங்களில்தான் அவர் உயிர் போகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும் என்பது மருத்துவ உலகில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் சேவையாக இருந்தாலும், வண்டி கிளம்பி, தெருவைக் கண்டுபிடித்து, மாடியேறி வருவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடலாம். ஆக, அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே. அவருக்கு சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி) தெரியாதே என்றால், அதைத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே போனின் மறுமுனையில் இருக்கிறார். அவசர அழைப்பை எடுப்பவர், அழைத்தவருக்கு அந்த நேரத்திலேயே படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, மார்பை அழுத்த வைப்பதுதான் தொலைபேசி வழி சிபிஆர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபடுகிறது. ஆனால் பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார், வியர்க்கும். அவருக்கு மார்பை அழுத்தக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் போய் முடியலாம் என்பதால்தான் பேச்சுவழக்கில் இரண்டும் "ஹார்ட் அட்டாக்" என்று ஒன்றாகிவிட்டன. நாம் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

மார்பை அழுத்துவதால் என்ன ஆகிறது? மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கும் இதயம் நசுங்கி, உள்ளிருக்கும் ரத்தம் வெளியே போகிறது. கையைத் தளர்த்தும்போது மார்பு மேலெழும்பி, இதயத்துக்குள் மறுபடியும் ரத்தம் நிரம்புகிறது. நன்றாகச் செய்தாலும் இயல்பான ஓட்டத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆனால் மூளையும் இதயத் தசையும் தாக்குப்பிடிக்க அது உதவும். கிராமத்து அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை அடித்தால்தான் தண்ணீர் மேலே வரும், அடிப்பதை நிறுத்தினால் மட்டம் இறங்கிவிடும், திரும்பவும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். சிபிஆரிலும் அழுத்தத் தொடங்கியபின் ரத்த அழுத்தம் மெல்ல மெல்லத்தான் ஏறும், இடையில் கையை எடுத்தால் சட்டென்று விழும். "நிறுத்தாதீங்க" என்று போனில் இருப்பவர் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

மூடிய மார்பின் மேல் அழுத்தியே ரத்த ஓட்டத்தை உண்டாக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960இல் உலகுக்குச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அது டாக்டர்கள் செய்யும் வேலை என்றே எண்ணப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரம் இதில் துணிந்து ஓர் அடி எடுத்து வைத்தது. தீயணைப்பு வீரர்களைப் பாராமெடிக்குகளாக்கி (நேரில் போய் அவசர சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்களாக்கி) 1970இல் அவசர சேவை தொடங்கியவர்கள், அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கும் சிபிஆர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டில் நடக்கின்றன. விழுபவர் பெரும்பாலும் வயதானவர், பக்கத்தில் இருப்பவர் அவருடைய மனைவியோ கணவரோ. வகுப்புக்கு வந்து பயிற்சி எடுத்துக்கொண்டவர்களோ இளைஞர்களும் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும். கற்றவர் ஓரிடத்திலும் தேவைப்படுபவர் வேறிடத்திலும் இருந்தார்கள்.

1970களின் நடுவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில், மூச்சில்லாமல் கிடந்த ஒரு குழந்தையின் தாய்க்கு ஒரு பாராமெடிக், யாரும் சொல்லாமல் தானாகவே, போனில் வழிகாட்டினார். குழந்தை பிழைத்தது. அங்கும் வேறு சில நகரங்களிலும் இந்த யோசனை மெல்லப் பரவியது. அதை ஒழுங்கான திட்டமாக்கி, பலன் இருக்கிறதா என்று அளந்தும் பார்த்தது சியாட்டில் நகரம் அமைந்திருக்கும் கிங் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). டாக்டர் மிக்கி ஐசன்பெர்க்கும் அவருடைய குழுவும் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, அழைப்பை எடுப்பவர்கள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபின் அங்கே பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்த விகிதம் 45 சதவீதத்திலிருந்து 56 சதவீதமானது. ஏற்கெனவே ஊரெல்லாம் வகுப்பு நடத்திய இடத்தில் கிடைத்த கூடுதல் பலன் இது. அதனால்தான் இந்த எண் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அது லேண்ட்லைன் காலம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். போன் சமையலறைச் சுவரில், ஆள் படுக்கையறையில். ஒரு வரியைக் கேட்டுவிட்டு ஓடிப்போய்ச் செய்து, திரும்ப ஓடிவந்து அடுத்த வரியைக் கேட்க வேண்டும். இன்றைக்கு நம் கையில் ஸ்பீக்கர் உள்ள செல்போன் இருக்கிறது.

சரி, போனில் இருப்பவருக்கு ஆளைப் பார்க்க முடியாதே, இதயம் நின்றுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? நாடி பிடித்துப் பார்க்கச் சொல்வது வீண். பழக்கமில்லாதவர்கள் பதற்றத்தில் தங்கள் விரலின் துடிப்பையே நாடி என்று நினைத்துவிடுவார்கள். கிங் கவுன்டியில் இரண்டே கேள்விகளை வைத்தார்கள். நினைவோடு இருக்கிறாரா? எப்போதும்போல் மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், மேற்கொண்டு எதையும் கேட்காமல் மார்பை அழுத்தச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விசாரணையெல்லாம் அப்புறம்.

இரண்டாவது கேள்வியில்தான் பல உயிர்கள் நழுவுகின்றன. இதயம் நின்றவுடன் மூச்சும் அப்படியே நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. ரத்தம் கிடைக்காத மூளைத்தண்டு சில நிமிடங்களுக்கு அவ்வப்போது ஒரு மூச்சை இழுக்க வைக்கும். குறட்டை மாதிரி, கொறகொறவென்று, வாயைத் திறந்து மீன்போலக் காற்றுக்குத் தவிக்கிற மாதிரி, விட்டு விட்டு வரும். இதய நிறுத்தம் ஏற்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் இது காணப்பட்டதாகக் கிங் கவுன்டியின் பதிவுகளே சொல்கின்றன. அதைப் பார்க்கிற உறவினர் "மூச்சு இருக்கு" என்கிறார். அல்லது "தூங்குறார் போல, குறட்டை விடுறார்" என்கிறார். நம் வீடுகளில் "இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். இதைக் கேட்டு, மூச்சு இருக்கிறதே என்று போனில் இருப்பவரும் நம்பிவிட்டால், சிபிஆர் தொடங்காது. இன்னும் வருத்தமான விஷயம், இந்த இழுப்பு உள்ளவர்களுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதயம் நின்று அதிக நேரம் ஆகவில்லை, மூளைத்தண்டில் இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: நினைவில்லாமல் கிடப்பவர் விட்டு விட்டு இழுக்கும் மூச்சு, மூச்சே அல்ல. கேட்டால் "இல்லை, சரியாக மூச்சு விடவில்லை" என்றே சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் போனை அவர் வாயருகே பிடியுங்கள். பயிற்சி பெற்றவருக்கு அந்தச் சத்தம் போதும்.

இன்னொரு ஏமாற்றும் அறிகுறி வலிப்பு. இதயம் நின்ற முதல் சில நொடிகளில், மூளைக்கு ரத்தம் தடைபடுவதால் கைகால் வெட்டி இழுக்கலாம். பார்ப்பவர்கள் காக்காய் வலிப்பு என்று முடிவுகட்டி, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், சோடா வாங்க ஒருவர் ஓடுவார். வலிப்பு அடங்கியதும் "நின்னுடுச்சு, இனி பயமில்லை" என்று நிம்மதி அடைவார்கள். வலிப்பு அடங்கியபிறகு அவர் இயல்பாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதுதான் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை. சாவியால் வலிப்பும் நிற்காது, இதயமும் ஓடாது.

இனி, ஓர் அழைப்பு நல்லபடியாகப் போனால் எப்படி இருக்கும் என்று கற்பனையாகப் பார்ப்போம்.

"மாமா மயங்கிட்டாருங்க. பேச்சே இல்லை."

"எந்த இடம்னு சொல்லுங்கம்மா." (முகவரியும் அடையாளமும் வாங்கிக்கொள்கிறார்.) "வண்டி கிளம்பிடுச்சும்மா. நான் லைன்லதான் இருக்கேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துல வைங்க. கூப்பிட்டா, தட்டினா கண்ணைத் திறக்குறாரா?"

"இல்லைங்க."

"எப்பவும்போல மூச்சு விடுறாரா?"

"குறட்டை மாதிரி இழுக்குது. விட்டு விட்டு வருது."

"சரிம்மா, நாம இப்ப சிபிஆர் பண்ணணும். நான் சொல்லித் தர்றேன். அவர் தரையிலயா, கட்டில்லயா?"

"கட்டில்ல."

"கூட யாரு இருக்காங்க?"

"என் பையன். பன்னிரண்டாவது படிக்கிறான்."

"ரெண்டு பேருமா போர்வையோட சேர்த்துப் பிடிச்சுத் தரையில இறக்குங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. பக்கத்துல மண்டி போடுங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தை வைங்க, அதுக்கு மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காம, உங்களால முடிஞ்ச அளவு பலமா, வேகமா அமுக்குங்க. சத்தமா எண்ணுங்க, நானும் எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…"

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. முகவரியை முதலில் வாங்குவது, போன் துண்டித்துப்போனாலும் வண்டி வந்து சேர வேண்டும் என்பதற்காக. வண்டியை அனுப்புவதும் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. "இத்தனை கேள்வி கேட்கிறாரே, வண்டியை அனுப்ப மாட்டாரா" என்று அழைப்பவர் கோபப்படுவது வழக்கம். அதனால்தான் "வண்டி கிளம்பிடுச்சு" என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், "சிபிஆர் பண்ணத் தெரியுமா?" என்றோ "பண்ணுறீங்களா?" என்றோ அவர் கேட்கவில்லை. கேட்டால் பலர் தெரியாது, பயமாக இருக்கிறது என்பார்கள். "நாம பண்ணணும், நான் சொல்லித் தர்றேன்" என்று சொன்னால் கைகள் தானாக நகர்கின்றன. அழைப்புகளைக் கேட்டு ஆராய்ந்தவர்கள் கண்டடைந்த பாடம் இது.

தரையில் இறக்கச் சொல்வது, மெத்தையில் அழுத்தினால் மார்போடு சேர்ந்து மெத்தையும் கீழே போய்விடும் என்பதால். ஆனால் வயதான மனைவி ஒருத்தி தனியாக எண்பது கிலோ கணவரைக் கட்டிலிலிருந்து இறக்குவது சாதாரணமல்ல. பல அழைப்புகளில் சிபிஆர் தாமதமாவதும், தொடங்காமலேயே போவதும் இந்த இடத்தில்தான். போர்வையோடு இழுத்து நழுவ விடலாம். சற்று அடிபட்டாலும் பரவாயில்லை. எப்படியும் முடியாதென்றால் இருக்கும் இடத்திலேயே அழுத்தத் தொடங்க வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அழுத்துவதற்கு அது தேவையில்லை, நேரம்தான் வீணாகும்.

பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. உள்ளே போக வேண்டும், 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் போனில் "5 செ.மீ." என்று சொன்னால் யாரால் அளக்க முடியும்? பொம்மைகளை வைத்துச் செய்த சோதனைகளில், அளவைச் சொல்வதைவிட "முடிந்த அளவு பலமாக" என்று சொன்னபோது மக்கள் ஆழமாக அழுத்தினார்கள். பொதுவாக நாம் செய்யும் தப்பு பலமில்லாமல் அழுத்துவதுதான், அதிக பலமாக அழுத்துவதல்ல. சத்தமாக எண்ணுவதால் வேகம் போனுக்குக் கேட்கிறது. மெதுவானால் அவர் "இன்னும் வேகமா" என்பார், சில இடங்களில் கடிகாரம்போல் டிக் டிக் என்ற ஒலியைப் போட்டுவிடுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்வார், ஏனென்றால் நமக்குக் களைப்பு தெரியும் முன்பே அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். மேலே சொன்ன அழைப்பில் அந்தப் பையன் எதற்கு வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வாயோடு வாய் வைத்து ஊதுவது எங்கே போனது என்று கேட்கலாம். முதலில் அதையும் போனில் சொல்லிக்கொடுத்தார்கள். சியாட்டிலில் செய்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு அழுத்தம் மட்டும், மற்றவர்களுக்கு ஊதுவதும் அழுத்துவதும் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊதுவதைச் சேர்த்துச் சொன்னால் சொல்லி முடிக்கவே சுமார் 1.4 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. அழுத்தம் மட்டும் சொன்னபோது 81 சதவீத அழைப்புகளில் முழுதும் சொல்லி முடிக்க முடிந்தது, ஊதுவதையும் சேர்த்தபோது 62 சதவீதம்தான். உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்கள் அழுத்தம் மட்டும் பெற்ற குழுவில் 14.6 சதவீதம், மற்றதில் 10.4 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பது புள்ளிவிவரத்தின் தீர்ப்பு. ஆனால் அழுத்தம் மட்டும் செய்வது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது தெளிவானது. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2010இல் வெளிவந்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. பெரியவர்களுக்கு இதயக் கோளாறால் வரும் இதய நிறுத்தத்தில், விழுந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது. அதை மூளைக்குக் கொண்டுபோவதுதான் அவசரம். இதற்கு விலக்கும் உண்டு. நீரில் மூழ்கியவர்கள், மூச்சடைத்தவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் இதயம் நிற்கிறது, அவர்களுக்கு மூச்சு கொடுப்பதும் முக்கியம். அதனால்தான் என்ன நடந்தது, வயது என்ன என்பதை அழைப்பை எடுப்பவரிடம் ஒரு வரியில் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு முறையே வேறு, சுமார் 4 செ.மீ. அழுத்தினால் போதும். அதையும் அவர் சொல்லித்தருவார்.

பலரைத் தடுத்து நிறுத்தும் பயம் ஒன்று இருக்கிறது. "இதயம் நிற்காதவரை அழுத்தி, ஏதாவது ஆகிவிட்டால்?" இதையும் கிங் கவுன்டியில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். இதயம் நிற்காமலேயே போன் வழிகாட்டலால் மார்பு அழுத்தப்பட்டவர்களைத் தேடிப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 12 சதவீதம் பேருக்கு வலியோ அசௌகரியமோ இருந்தது, சுமார் 2 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு. உள்ளுறுப்பு காயம் ஒருவருக்கும் இல்லை. மறுபக்கம், அழுத்த வேண்டியவரை அழுத்தாமல் விட்டால் அவர் பெரும்பாலும் இறந்துவிடுவார். தவிர, ஆள் உயிரோடு இருந்து நினைவு திரும்பினால் முனகுவார், கையைத் தட்டிவிடுவார். அப்போது நிறுத்திக்கொள்ளலாம். சரியாக அழுத்தும்போது விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கலாம். கேட்டாலும் தொடர வேண்டும். எலும்பு கூடிவிடும்.

இத்தனையும் நடக்க, போனின் மறுமுனையில் இருப்பவருக்குப் பயிற்சி வேண்டும். கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது பயிற்சியாகாது. அலறலுக்கு நடுவே நிதானம் இழக்காமல், அழைத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே வாக்கியத்தை அதே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லத் தெரிய வேண்டும். நல்ல மையங்களில் உண்மையான இதய நிறுத்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டி, இழுப்பு மூச்சின் சத்தத்தைக் காதுக்குப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு இதய நிறுத்த அழைப்பையும் பிறகு கேட்டு, எந்த நொடியில் கண்டுபிடித்தார், எந்த நொடியில் முதல் அழுத்தம் விழுந்தது, எங்கே தாமதமானது என்று குறித்து, எடுத்தவரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். முகவரி கிடைத்த 60 நொடிக்குள் கண்டுபிடிப்பதையும் 90 நொடிக்குள் முதல் அழுத்தத்தையும் சிறந்த மையங்களுக்கான இலக்காக அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் இப்படிப் பயிற்சியும் அளவிடுதலும் சேர்த்து நடத்தியதன் விளைவு 2016இல் வெளியானது. முதல் அழுத்தம் விழ ஆன நேரம் 256 நொடியிலிருந்து 212 நொடியாகக் குறைந்தது, பிழைத்து வீடு திரும்பியவர்கள் 9.1 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானார்கள். புதிய மருந்தோ இயந்திரமோ இல்லாமல் கிடைத்த பலன்.

இந்த வேலையின் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் போராடும்போது முகத்தைப் பார்க்கிறார், பின்னர் என்ன ஆனது என்பதும் அவருக்குத் தெரியும். அழைப்பை எடுப்பவர் ஒரு வீட்டின் மிகக் கொடிய சில நிமிடங்களைக் காதால் மட்டும் கடக்கிறார். ஆம்புலன்ஸ்காரர் வந்து போனை எடுத்தவுடன் தொடர்பு அறுந்துவிடும், அடுத்த அழைப்பு வந்துவிடும். ஆள் பிழைத்தாரா என்ற செய்தி அவருக்குத் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்வதையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நான் நினைக்கிறேன்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே 995 எண்ணில் வரும் அழைப்புகளைச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை எடுக்கிறது. 2012 ஜூலையில் தொலைபேசி வழி சிபிஆரைத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் சிபிஆர் செய்த விகிதம் 22.4 சதவீதத்திலிருந்து 42.1 சதவீதமாக ஏறியது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் அடுத்துச் செய்தது. பொதுமக்களுக்கான பயிற்சியையே போனை மையமாக வைத்து மாற்றியமைத்தார்கள். 995ஐ அழைப்பது, அங்கிருந்து சொல்வதைக் கேட்டுச் செய்வது, அழுத்தம் மட்டும் செய்வது, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைப் பயன்படுத்துவது. அவ்வளவுதான் பாடம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, போனில் ஒருவர் உடன் வருவார் என்று தெரிந்தால் மக்கள் துணிகிறார்கள்.

மொழி இதில் பெரிய தடை. கிங் கவுன்டியிலேயே ஆங்கிலம் சரளமாகப் பேச வராத குடும்பங்களிலிருந்து வந்த அழைப்புகளில், இதய நிறுத்தத்தைக் கண்டுபிடிக்கவும் சிபிஆர் தொடங்கவும் அதிக நேரம் பிடித்தது. தமிழில் இப்படி ஒரு வழிகாட்டல் எழுதப்படும்போது அது பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். "மார்பின் மையப்பகுதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பொருத்தவும்" என்று வாசித்தால் பதறி நிற்கும் யாருக்கும் கை நகராது.

இந்தியாவில் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் முயற்சியில், பொதுமக்களுக்கென்று அழுத்தம் மட்டும் கொண்ட எளிய சிபிஆர் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் கண்டு உதவிக்கு அழைப்பது, நெஞ்சை அழுத்துவது, விரைவில் மருத்துவமனைக்கு மாற்றுவது. போனில் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்று ஒரே எண்ணில் அழைக்கும் பழக்கமும் மக்களுக்கு வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒருவரைத் தரையில் படுக்கச் சொல்லுங்கள். போனை எடுத்து, யாரையும் அழைக்காமல், ஸ்பீக்கர் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தேடுங்கள். வீட்டு முகவரியைத் தெருவின் பெயர், அடையாளம், எந்த மாடி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பாட்டிக்கும் சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கெட்டியான தலையணையைத் தரையில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நொடிக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். கை எப்படி வலிக்கிறது என்று தெரியும், ஆள் மாற்றுவது ஏன் என்பதும் புரியும். உயிருள்ளவர் மேல் மட்டும் அழுத்திப் பழகாதீர்கள். நெஞ்சில் கை வைக்கும் இடத்தைக் காட்டிக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

நிஜமாக நேரும்போது, நாலு பேர் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடலாம் என்ற எண்ணம்தான் முதலில் வரும். பாசத்தில் வருவதுதான், ஆனால் ஆட்டோவின் பின்சீட்டில் மடங்கிக் கிடப்பவருக்கு யாரும் சிபிஆர் செய்ய முடியாது. வண்டி வரும் என்று தெரிந்தால் தரையிலேயே வைத்து அழுத்துங்கள். ஒருவர் வாசல் கதவையும் லிஃப்டையும் திறந்து வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கட்டும். போன் அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் ஊழியர் உள்ளே வந்து, பக்கத்தில் மண்டியிட்டு, "நான் பாத்துக்கிறேன், கையை எடுங்க" என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.